பழனிச் சாலையும் ஜி. டி. நாயுடு அவர்களும்

பழனிக் குன்றின்மேல் நின்று தெற்கே நோக்குவார்க்கு நீலத்திரை விரித்தாற்போல நெடிதுயர்ந்து தோன்றுவது பழனிமலைத் தொடராகும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், அத்தொடரின்மீது கொடைக்கானல் அமைந்துள்ளது. மேற்கே திரும்பினால், வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே சண்முகநதியைக் கடந்து செல்லும் ஒரு சாலை உண்டு. மடத்துக்குளம், உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சியை அடையும் அச்சாலையின் நீளம் ஏறக்குறைய 40 மைல். மலையைக் காண வருவோர் பலர். அச்சாலையைக் காணவென்று வருவோர் ஒருவருமிலர். ஆயினும் தமிழ்நாட்டு இயந்திரத் தொழிலின் சரித்திரத்தில் அச்சாலைக்கு ஓர் இடமுண்டு. 1920-ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதினரான ஒருவர், ஒரேயொரு மோட்டார் பஸ்ஸைத் தாமே ஓட்டிக்கொண்டு அச்சாலையின்வழி வந்தும் போயும் தம் தொழிலைத் தொடங்கினார். அவரே பின்னாளில் கோவை ஜி. டி. நாயுடு என்று நாடறிய விளங்கியவர்.

இவரைப்பற்றி எழுத நாம் எண்ணியதற்கு ஒரு சிறு காரணம் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் நண்பர் சிலருடன் கொடைக்கானலில் தங்கியிருந்தோம். மழையால் வெளியே செல்லவியலாத ஒரு மாலைப்பொழுதில், அமெரிக்க நாட்டுப் பழைய மோட்டார் ஸ்கூட்டர்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. 1915-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஆட்டோபெட் என்றொரு வண்டி வெளிவந்தது. அதில் அமர்வதற்கு இருக்கை கிடையாது. சிறுவர் விளையாட்டு வண்டியில் நிற்பதுபோல் நின்றுகொண்டே அதனைச் செலுத்த வேண்டும். வேடிக்கைப் பொருளாகத் தோன்றி, சில ஆண்டுகளில் அது மறைந்தது. பின்னர் 1936-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் சால்ஸ்பரி என்பாரும், நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் குஷ்மன் கம்பெனியாரும் ஸ்கூட்டர் செய்யத் தலைப்பட்டனர். குஷ்மன் கம்பெனியார் அதற்கு முன் உழவர்களுக்கு வேண்டிய எஞ்சின்களைச் செய்து விற்றவர்கள். நாடெங்கும் வறுமை சூழ்ந்த அக்காலத்தில், தம் எஞ்சினைச் சிறு சக்கரங்களின்மேல் ஏற்றி, கார் வாங்க வகையில்லாதார்க்கு வழங்கினர். இரண்டாம் உலகப் போரில் ஆகாய விமானத்தினின்று பாரசூட் கட்டி இறக்கத்தக்க ஸ்கூட்டரையும் அவர்களே செய்தனர். சால்ஸ்பரியின் வண்டியோ வேறொரு வகையாற் சிறந்தது. கியரைக் கையால் மாற்ற வேண்டாது, வேகத்திற்கேற்பக் கப்பியின்மேல் ஏறியும் இறங்கியும் தானே மாறிக்கொள்ளும் பட்டை அமைப்பை 1937-ஆம் ஆண்டில் அவர் தம் ஸ்கூட்டரிற் பொருத்தினார். இன்று நம் கல்லூரி வாயிலில் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களுள் பெரும்பாலானவற்றின் வயிற்றினுள் இருப்பது அவ்வமைப்பின் வழிவந்ததேயாகும்.

இவற்றையெல்லாம் பேசிவந்த நண்பர் ஒருவர், இரண்டு சக்கர இயந்திரமொன்றைக் கண்டு அதன் உள்ளமைப்பை அறியாமல் உறங்கவியலாத ஆவல் கொண்டவர் நம்மவருள் எவரேனும் உண்டோ என்று கேட்டார். கேட்டவரது குரலில் சற்று ஏளனமும் கலந்திருந்தது. நாம் உடனே நாயுடு அவர்களின் பெயரைச் சொன்னோம். சொன்னபின், பெயருக்கு அப்பால் நாம் அறிந்தது மிகச் சிறிது என்பதும் புலப்பட்டது. ஆகவே மலையை விட்டு இறங்கியபின் தேடிக் கற்றவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கோபாலசாமி நாயுடு உழவுத்தொழிலினர். பிறந்த சின்னாளிலேயே அன்னையை இழந்த அக்குழந்தை, அன்னையின் முகத்தையும் நினைவில் வைத்திருக்க வழியில்லாது வளர்ந்தது. பள்ளிக்கூடம் அவருக்குப் பொருந்தவில்லை. ஆசிரியர் கண்ணில் மண்ணை வாரித் தூவிவிட்டு ஓடிய பிள்ளை என்றே அவரது இளமையைப்பற்றி இன்றளவும் சொல்லிவருகின்றனர். மூன்றாம் வகுப்போடு அவரது ஏட்டுக்கல்வி முடிவுற்றது. அக்கல்வி எட்டாதார்க்கு அந்நாளில் எஞ்சியது வயலும் வரப்புமே. அவரும் தந்தையாரின் நிலத்திற் பாடுபடலானார். ஆயின் எழுத்தின்மேல் அவருக்கு வெறுப்பில்லை. தாமாகவே நூல்களைத் தேடிப் படித்தார். ஆங்கிலத்தையும் வகுப்பறையின் துணையின்றியே பழகிக்கொண்டார்.

அவரது வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அலுவலின் பொருட்டு அவ்வூர்ப் பக்கம் அதில் ஏறி வந்தார். இங்கிலாந்தில் ரட்ஜ் கம்பெனியார் செய்த வண்டி அது. மாடுமின்றிக் குதிரையுமின்றிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இரண்டு சக்கரங்களின்மேல் ஒரு மனிதர் பறந்து வருவதை ஊரார் அனைவரும் வியந்து பார்த்தனர். பார்த்தபின் அவரவர் வேலையைப் பார்க்கச் சென்றனர். துரைசாமிக்கோ வேலை ஓடவில்லை. அவ்வண்டி எவ்வாறு ஓடுகின்றது என்பதே இரவும் பகலும் அவர் நெஞ்சில் சுழன்றது. அதனை விலைகொடுத்து வாங்கித் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்று உறுதி பூண்டார்.

உறுதி பூணுதல் எளிது; பணம் எங்ஙனம் வரும்? அவர் கலங்கலை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்தார். அங்கே ஒரு ஹோட்டலிற் பரிமாறும் ஆளாக அமர்ந்தார். உழவர் வீட்டுப் பிள்ளை, பிறர் எச்சில் இலை எடுக்கும் இடத்தில் வேலைக்கு நிற்பதை உறவினர் எவ்வாறு கருதியிருப்பர் என்பதை நாம் எண்ணிப்பார்க்கலாம். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சம்பளத்தைச் செலவிடாது காசு காசாகச் சேர்த்தார். மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன என்பர். கையில் 300 ரூபாய் அளவிற் சேர்ந்ததும், அவ்வதிகாரியைத் தேடிச் சென்று அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

இவ்விடத்தில் வேறொருவராயின் என்ன செய்திருப்பார்? ஊர் மெச்ச அதன்மேல் ஏறி உலா வந்திருப்பார். நாயுடு அவர்கள் செய்ததோ, அதனை ஆணி ஆணியாகக் கழற்றித் தரையிற் பரப்பியதேயாம். மூன்றாண்டு உழைப்பு முழுவதும் எண்ணெய்க் கறை படிந்த துண்டுகளாகக் கண்முன் கிடந்தபோது, வீட்டார் அவரைப் பித்தர் என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. அக்காலத்து மோட்டார் சைக்கிள் இக்காலத்ததைப் போன்று மறைவான பொருளன்று. எஞ்சினின் வலிமையைப் பின்சக்கரத்திற்குச் செலுத்தும் பட்டை வெளியே தெரியும்; பெட்ரோலும் காற்றும் கலக்கும் இடமும், தீப்பொறி பிறக்கும் இடமும், எண்ணெய் சொட்டும் குழாயும் கண்ணாற் காணத்தக்கனவாய் இருந்தன. எனவே கூர்ந்து நோக்குவார்க்கு அது ஓர் ஆசிரியனாய் அமைந்தது. கழற்றியவற்றை அவர் மீண்டும் பூட்டினார், மீண்டும் கழற்றினார். வகுப்பறையில் மூன்றாண்டு நில்லாத பிள்ளை இவ்வாசிரியனை விட்டு அகலவேயில்லை. அதன்பின் பழுதுற்ற இயந்திரம் எதுவாயினும் அதனைச் சீர்செய்யும் கைவன்மை அவர்க்கு வாய்த்தது.

இடையில் ஒரு வீழ்ச்சியும் நேர்ந்தது. முதல் உலகப் போர்க்காலத்திற் பஞ்சு வாணிகம் செழித்தது. திருப்பூரிற் பஞ்சரைக்கும் தொழிலில் இறங்கிய அவர் கணிசமாகப் பொருளீட்டினார். ஈட்டிய பொருளோடு பம்பாய்ப் பஞ்சுச் சந்தைக்குச் சென்றார். அங்கே அனைத்தையும் இழந்தார். சென்றபோது செல்வர், மீண்டபோது கூலிக்கு வேலை தேடும் நிலையினர்.

அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆவார். கிறிஸ்தவக் கல்லூரி மாணவராகிய நாம் இப்பெரியாரைப்பற்றி ஒரு சொல் கூறாது செல்லுதல் தகாது. 1841-ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த இவர், பதினேழு வயதளவில் கோயம்புத்தூருக்கு வந்து காப்பித் தொழிலில் ஈடுபட்டார். 1862-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் வழங்கிவருகின்றது. கோயம்புத்தூரில் நூற்பாலைத் தொழில் வேரூன்றுதற்கும் அவரே முன்னின்றவர். 95 வயதளவும் வாழ்ந்து 1936-ஆம் ஆண்டிற் காலமானார். நம்மிடையே ஸ்டேன்ஸ் துரையின் ஈகையைப் பேசுவோர் பள்ளிக்கூடத்தைப்பற்றியே பேசுவர். நமக்கோ அவர் நாயுடு அவர்களுக்குச் செய்த உதவியே பெரிதாகத் தோன்றுகின்றது. பள்ளிக்குக் கொடுப்பது கண்ணாற் காணத்தக்க நற்செயல். பட்டமில்லை, பொருளில்லை, பம்பாயில் தோற்றவன் என்னும் பெயர் மட்டும் உண்டு. அத்தகைய இளைஞன் ஒருவனை நம்பிப் பஸ் வாங்கக் கடன் கொடுப்பது எத்தனை பேரால் இயலும்? அவனுடைய கைகளை அவர் பார்த்திருக்க வேண்டும்.

இனிப் பழனிச் சாலைக்கு வருவோம். அவர் ஏன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடைப்பட்ட வழியைத் தேர்ந்தார் என்பதை ஆராய்ந்தால் அவரது அறிவுக்கூர்மை விளங்கும். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் பாதை 1915-ஆம் ஆண்டில் வந்துவிட்டது. கிழக்கேயோ, பழனி வழியாகத் திண்டுக்கல்லையும் பொள்ளாச்சியையும் இணைக்கும் ரயில் 1928-ஆம் ஆண்டிலேதான் ஓடத் தொடங்கியது. ஆகவே 1920-ஆம் ஆண்டில் மேற்கிலிருந்து பழனிக்குச் செல்லும் அடியார்கள் பொள்ளாச்சியில் ரயிலைவிட்டு இறங்கினால், அதற்கப்பால் இருந்தவை மாட்டுவண்டியும் தம் கால்களுமே. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்தரத்திற்கும் காவடி சுமந்து நடப்போர் நடக்கட்டும். அது அவர்தம் நோன்பு. ஆயின் முதியோரும், பிணியாளரும், கைக்குழந்தையொடு செல்லும் தாய்மாரும், சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோகும் வாணிகரும் இரவெல்லாம் வண்டியிற் குலுங்கிச் செல்லவேண்டியவராயினர். ரயில் விட்ட இடத்திற் பஸ் தொடங்கியது. பதின்மூன்றாண்டு இடைவெளியில் எட்டாண்டு அவருக்கு வாய்த்தது.

மலைமேற் போக்குவரவோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1845-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்ட்டன் என்னும் இரண்டு வீடுகளை அமைத்தனர். சமவெளியிற் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்தவர்கள், குளிர்ந்த இடம் தேடி அங்குச் சென்றனர். அந்நாள் தொட்டு மோட்டார் வரும்வரை, பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதையாகக் குதிரைமீதோ, கூலியாட்கள் தோளிற் சுமக்கும் நாற்காலியிலோ ஏறுவதே வழக்கம். மேஜர் லா என்பார் வகுத்த மலைச்சாலை நெடுங்காலம் முடிவுறாது கிடந்து, முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தை ஒட்டியே மோட்டார் ஏறத்தக்கதாயிற்று. ஆக, மலையின் தென்புறத்தே துரைமார்களின் கார்கள் ஏறத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழிவதற்குள், அதே மலையின் வடபுறத்து அடிவாரத்தில் ஒரு தமிழ்நாட்டு உழவர் மகன் பொதுமக்களுக்குப் பஸ் விட்டார். கார் ஏறியவர்களின் பெயர்கள் கொடைக்கானலைப்பற்றிய நூல்களில் உண்டு. பஸ்ஸில் ஏறியவர்களின் பெயர் எந்நூலிலும் இல்லை. கட்டணம் கொடுத்து ஏறி, இறங்கி, மலையேறித் தொழுதுவிட்டு வீடு சேர்ந்தார்கள்.

அந்த முதற் பஸ்ஸில் நாயுடு அவர்களே சாரதி. பழுது பார்ப்பவரும் அவரே. வழியில் நின்றுபோனால் நகரத்திற்கு ஆள் அனுப்பவேண்டிய நிலை அவருக்கில்லை. மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கற்ற பாடம் இங்கேதான் ஊதியம் தந்தது. பிறர் பஸ் வாங்கினாலும் அதன் உள்ளே நடப்பதை அறியார். எஞ்சின் நின்றால் அவர்களது வாணிகமும் நிற்கும். இவரது வண்டியோ குறித்த நேரத்திற் புறப்பட்டுக் குறித்த நேரத்திற் சேர்ந்தது. ஒரு பஸ் பலவாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரால், சுருங்க யு.எம்.எஸ். என்று கோவை மாவட்டத்தார் அழைத்த அந்நிறுவனம், ஒழுங்கிற்கும் நேரந்தவறாமைக்கும் இந்தியாவிலேயே சிறந்தவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது. இப்பஸ்களின் வரவால் மாட்டுவண்டிக்காரர் பிழைப்பில் மண் விழுந்திருக்கும் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர்களுள் எத்தனை பேர் பஸ் தொழிலிற் புகுந்தனர், எத்தனை பேர் ஊர் திரும்பினர் என்று எழுதிவைத்தவர் எவருமில்லை.

பஸ்ஸோடு நின்றிருந்தால் அவர் ஒரு செல்வராக மட்டும் விளங்கியிருப்பார். அவருடைய கைகள் சும்மா இருக்கவில்லை. கொங்குநாட்டுக் கிணறுகள் மிக ஆழமானவை. எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தே அங்குப் பயிர்செய்தனர். 1932-ஆம் ஆண்டில் நீலகிரிப் பைக்காரா அருவியினின்று மின்சாரம் எடுக்கப்பெற்றுக் கோவைச் சமவெளிக்கு வந்தது. கம்பி வந்தது, அக்கம்பியிற் பூட்டி நீரிறைக்க வேண்டிய மோட்டாரோ கடல்கடந்து வரவேண்டியிருந்தது. பீளமேட்டில் நாயுடு அவர்களின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையில் 1937-ஆம் ஆண்டில் மின்சார மோட்டார் ஒன்று செய்து முடிக்கப்பட்டது. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அதனைப் போற்றுவர். அதனை உருவாக்கியதில் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களின் உழைப்புப் பெரும்பங்காகும், ஜி. டி. நாயுடு அவர்களின் புகழொளியில் அவர் பெயர் மங்கிவிடுதல் முறையன்று. இன்று கோயம்புத்தூர் பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் பெயர்பெற்ற நகரமாயிருப்பதற்கு அத்தொழிற்சாலை இட்ட வித்தும் ஒரு காரணமாகும்.

இவையன்றி அவர் செய்தனவும் செய்வித்தனவும் பல. உலர்ந்த மின்கலத்தால் இயங்கும் முகச்சவரக் கருவி ஒன்று ராசண்ட் என்னும் பெயரால் ஜெர்மனியில் உருவாக்கப்பெற்று விற்பனைக்கு வந்தது. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, வாக்குகளைத் திருத்தவியலாதபடி பதியும் பொறி என்பனவும் அவர் கற்பனையிற் பிறந்தவை. 1941-ஆம் ஆண்டில், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர வல்லேம் என்று அறிவித்தார். படம் பிடிப்பதிலும் அவருக்கு ஆவல் மிகுதி. 1936-ஆம் ஆண்டில் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவிற் பதிந்தார். காந்தியடிகளையும், நேருவையும், சுபாஷ் சந்திர போஸையும் படமெடுத்தவர் அவர். இத்துணைப் புகழ் படைத்தவர் 1936–37-ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்று தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அத்தோல்வியை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அவரது வாழ்க்கையில் நம் போன்ற மாணவரை நேரே தாக்கும் பகுதி ஒன்றுண்டு. தொழிற்கல்விக்கென்று அவர் தம் பொருளைக் கொடுத்துக் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கையும், 1945-ஆம் ஆண்டில் ஒரு பொறியியற் கல்லூரியையும் நிறுவக் காரணமாயிருந்தார். அந்நாளில் சென்னை மாகாணக் கவர்னராயிருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயரை அவை தாங்கின. மூன்றாம் வகுப்போடு நின்றவர் கல்லூரிக்குத் தலைவரானார். தலைவரானபின் அவர் முதலிற் கேட்டது, பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் எதற்கு என்பதே. தேவையற்ற பாடங்களையும் நீண்ட விடுமுறைகளையும் நீக்கினால் இரண்டாண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசாங்கத்தார் உடன்படவில்லை. அவர் தம் பதவியைத் துறந்து வெளியேறினார்.

இதனைப் படித்தபோது நாம் சற்றுத் திகைத்தோம் என்பதை மறைக்கவில்லை. நாம் கற்பது பொறியியலன்று, தமிழ். எழுவாய் பயனிலையும், எதுகை மோனையும், உரையாசிரியர் பூசலும் ஆகிய இவற்றை நாயுடு அவர்களின் தராசில் இட்டால் எத்தனை திங்களில் முடித்துவிடலாம் என்று அவர் கணக்கிடுவாரோ! நம் விடுதிச் செலவிற்காக வீட்டார் படும் பாட்டை எண்ணுங்கால், அவர் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை. அவர் கூறியதில் உண்மை உண்டு. பாடத்திட்டத்திற் சிலவற்றை நாம் தேர்வுக்கென்று கற்று, தேர்வறை வாயிலிலேயே விட்டுவிடுகின்றோம். ஆயினும் அவர் தம்மையே அளவுகோலாகக் கொண்டார் என்றும் நமக்குத் தோன்றுகின்றது. ஒரு மோட்டார் சைக்கிளைத் தரையிற் பரப்பி வைத்துத் தனியே கற்கும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. வாய்க்காதார்க்கு ஆசிரியரும் ஆண்டுகளும் வேண்டும். அவரோ, மூன்றாண்டு ஹோட்டலில் நின்று காத்திருந்தவர். அவ்வளவு காலம் பொறுத்தவர், பிறர் வகுப்பறையில் நான்காண்டு அமர்ந்திருப்பதை மட்டும் பொறுக்கவில்லை. விடுதியில் இதைப்பற்றி நாமும் நண்பர்களும் நெடுநேரம் வாதிட்டோம், முடிவு காணவில்லை.

அரசாங்கத்தோடு அவர் கொண்ட பிணக்கு அத்தோடு நிற்கவில்லை. ஆட்சி ஆங்கிலேயரிடமிருந்து நம்மவர் கைக்கு மாறியபின்னும் அது தொடர்ந்தது. 1952-ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க பெட்ரோல் கார் ஒன்றை அவர் செய்துகாட்டினார். விலை 2,000 ரூபாய். இதன் பொருளை நன்கு சிந்திக்க வேண்டும். அமெரிக்காவில் குஷ்மன் கம்பெனியார் கார் வாங்கவியலாதார்க்கு ஸ்கூட்டர் கொடுத்தனர். நாயுடு அவர்களோ, அவ்வியலாதார்க்குக் காரையே கொடுக்க எண்ணினார். பெருமளவிற் செய்வதற்கு உரிமம் வேண்டினார், அரசாங்கம் மறுத்தது. வண்டி ஆயத்தமாயிருந்தும், ஓலை கிடைக்காமையால் அம்முயற்சி நின்றது. விடுதலை பெற்ற நாடு தன் மகன் ஒருவனுக்கு இழைத்த குறை என்றே நாம் இதனைக் கருதுகின்றோம். இன்ன பொருளை இன்னார் இவ்வளவே செய்யலாம் என்று அனைத்தையும் உரிமத்தால் அளந்த காலம் அது. அக்கொள்கைக்கும் அந்நாளிற் காரணங்கள் கூறப்பட்டன. கைப்பொருள் குறைந்த நாட்டில் இரும்பையும் அந்நியச் செலாவணியையும் பங்கிட்டே செலவிடவேண்டும் என்றனர். எனினும் ஏழு பிறவிக்குப் போதுமான பொருளுடையவர் மட்டும் கார் ஏறும் நிலையே அதனால் நீண்டது. வரிவிதிப்பின்மேலும் அவர் சினம் கொண்டு, தாம் ஆக்கிய பொருள்களைப் பலரறிய உடைத்துக் காட்டியதும் உண்டு. உடைத்தது தகுமோ என்று அக்காலத்தார் வினவினர். நமக்கும் அது தகவாகத் தோன்றவில்லை. ஆக்கியவர்க்கு அழிக்க உரிமையுண்டு என்பது சட்டமாகலாம், ஆயின் எழுபது ரூபாய் ரேடியோவுக்கு ஏங்கி நின்ற ஏழை அதனைப் பார்த்து என்ன எண்ணியிருப்பான்!

உழவர் குடியிற் பிறந்தவராதலின் நிலத்தை அவர் இறுதிவரை மறக்கவில்லை. பருத்தியிலும், மக்காச்சோளத்திலும், பப்பாளியிலும் புதுவகைகளைக் கண்டார். அவர் தோட்டத்தைக் காணச் சர் சி. வி. இராமனும், விசுவேசுவரய்யாவும் வந்தனர். ஒருநாட் காலை 6 மணிக்கு அடிக்கல் நாட்டி, பிற்பகல் 2 மணிக்குக் குடியிருக்கத்தக்க வீட்டைக் கட்டி முடித்தார் என்பதும் அவரைப்பற்றி வழங்கும் செய்திகளுள் ஒன்று. எட்டு மணிநேரத்தில் வீடு முடித்தவர்க்கு நான்காண்டுக் கல்லூரி நெடிதாகத் தோன்றியதில் வியப்பென்ன?

1974-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள், எண்பதாண்டுகள் நிறைந்த பருவத்தில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். கோயம்புத்தூர் அவிநாசிச் சாலையில் அவர் அமைத்த பொருட்காட்சிச் சாலை இன்றும் திறந்திருக்கின்றது. அதனை அடுத்துப் பழைய கார்களுக்கென ஒரு காட்சிச்சாலையும் 2015-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகின்றது. கார்கள் எங்ஙனம் ஓடுகின்றன என்று சிறுவர் கண்டறியுமாறு அங்கே அவை வைக்கப்பட்டுள்ளன.

அவர் விலகி வந்த கல்லூரி இடம் மாறி, பெயர் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று தடாகம் சாலையில் விளங்குகின்றது. ஆயினும் அது முன்னிருந்த இடத்தைக் கோவை மக்கள் இன்னும் ஹோப் காலேஜ் என்றே சொல்லுகின்றனர். பஸ் கண்டக்டர்களும் அப்பெயரைக் கூவியே ஆட்களை இறக்குகின்றனர். 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவிநாசிச் சாலையின்மேல் 10 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு மேம்பாலம் திறக்கப்பட்டு, ஜி. டி. நாயுடு பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அது ஹோப் காலேஜ் நிறுத்தத்தின் நேர்மேலே செல்லுகின்றது. கீழே கவர்னரின் பெயர். மேலே நாயுடுவின் பெயர்.

கொடைக்கானலினின்று நாம் பழனி வழியாகவே இறங்கினோம். பழனிப் பஸ் நிலையத்தில் நின்றபோது பொள்ளாச்சிப் பஸ் புறப்படும் தறுவாயில் இருந்தது. முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலையோடு குழந்தைகளும், பஞ்சாமிர்தப் பொட்டலங்களோடு பெரியோரும் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தனர். ஏளனமாய்க் கேட்ட அந்நண்பரும் நம்முடன் இருந்தார். உடுமலைப்பேட்டையில் அவருக்கு உறவினர் உண்டு. ஆதலின் நம்மிடம் விடைபெற்று அப்பஸ்ஸிலேயே ஏறினார். இடம் கிடைக்கவில்லை. சாரதியின் இருக்கைக்குப் பின்னே, எஞ்சினின் அருகில், கம்பியைப் பற்றி நின்றுகொண்டே சென்றார்.